நடமாடிய நாற்பத்தொன்று

அத்தியாயம் – 6

செத்துப்போனதாக எழுதிக் கொடுக்கப்பட்ட கன்று, புகைப்படத்தில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

படத்தை மேசையின் குறுக்கே எங்கள் பக்கம் தள்ளிவிட்டு ஆர்லோ டீட்ஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோர்லி கவுண்டியின் உதவித்தொகைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஏப்ரல் பனிப்புயலில் மாடு கன்று இழந்த பண்ணைக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் அவசர உதவி, அவர் கையெழுத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"காது வில்லையைப் பாரு மார்வா. நாப்பத்தொண்ணு. ரோவீனா ஹவ்லிக் குடுத்த பட்டியல்ல நாலாவது வரி, நாப்பத்தொண்ணு, செத்துப்போச்சு. செத்தது எழுந்து வந்து போட்டோவுக்கு முகம் காட்டுமா?"

"முகம் எங்க காட்டுது, காதைத்தானே காட்டுது," என்றேன்.

ஆர்லோ என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "இவன் இன்னும் உன்கிட்டதான் இருக்கானா?"

"வேற யாரும் கொண்டுபோக மாட்டேங்கறாங்க," என்றார் மார்வா.

மார்வா லிண்ட் இருபத்தேழு வருடம் சூட்டுக்குறி ஆய்வாளராக இருந்தவர். எந்த மாட்டின் விலாவில் யார் பண்ணையின் சூடு இருக்கிறது என்பதை, இரண்டு அங்குல முடிக்கு அடியில் விரலை ஓட்டியே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகமான விஷயம் என்றால் கவுண்டியில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் டெனி புரோகோப். வண்டி ஓட்டுவேன், குறிப்பு எழுதுவேன், கேட்காதபோது பேசுவேன். இதில் மூன்றாவதற்குச் சம்பளம் இல்லை.

படத்தோடு வந்தது ஒரு மொட்டைக் கடிதம். கணினியில் அடித்த ஒரே வரி. 'ஹவ்லிக் பண்ணையின் 41 சாகவில்லை. வந்து பாருங்கள்.'

"மனசு கஷ்டமா இருக்கு," என்று ஆர்லோ நெஞ்சில் கை வைத்தார். "பக்கத்துப் பண்ணை. அவ விண்ணப்பத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். மேட்டுல பதினாலு கன்னு செத்துக் கிடந்ததைப் பார்த்தேன், போட்டேன். ஒவ்வொண்ணா நம்பரா படிச்சேன்? இன்னைக்கு ரெண்டு மணிக்குக் குழு கூடுது. கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கப்போறேன். ஒரு பொய்னா மொத்தப் பட்டியலும் பொய்தான். உதவி கிடையாது, இனிமே எப்பவும் கிடையாது, வழக்கும் வரும்."

"அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டார் மார்வா.

"குழுவுல இருக்கற எட் ஸ்வொபோடா பிடிவாதம் பிடிக்கிறான், யாராவது பார்த்துச் சொல்லணுமாம். அதுக்காக நீ இருபத்திரண்டு மைல் போகணும்னு இல்ல. படம்தான் இருக்கே. பார்த்தேன்னு ஒரு வரி எழுதிக் குடு, போதும். அங்க மாடுங்க வேற இன்னும் மிரண்டுகிடக்கு." அவர் ஒரு தட்டை நகர்த்தினார். "சினமன் ரோல் எடுத்துக்கோ. இன்னைக்குச் சுட்டது."

மார்வா சினமன் ரோலை எடுத்து என் கையில் கொடுத்தார். படத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"போய்ப் பார்த்துட்டே எழுதறேன் ஆர்லோ."

ஆர்லோ சிரித்தார். ஆனால் நாங்கள் மாடிப்படி இறங்கும்வரை அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கவில்லை.

*

மேற்கே போகப்போக மணற்குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. போர்வைக்குள் யாரோ புரண்டு படுப்பதுபோல் இருக்கும் அந்த நிலம். ஏப்ரல் கடைசி நாள். புல் நுனியில் பச்சை வந்துவிட்டது. பள்ளங்களில் மட்டும் புயலின் மிச்சம் அழுக்கு வெள்ளையாகக் கிடந்தது. மூன்று நாள் அடித்த புயல் அது. கன்று ஈனும் மாதத்தின் சரியான நடுவில் வந்து, பிறந்து சில நாள்கூட ஆகாததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது.

"எழுதினது யாருன்னு சொல்லட்டுமா பாஸ்?" என்றேன். "ஆர்லோதான். ரோவீனாவோட கிழக்கு மேய்ச்சல் நிலத்து மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. அவளுக்கு உதவி நின்னா மாட்டை விப்பா, மாட்டை வித்தா நிலத்தைக் குத்தகைக்கு விடுவா."

"பந்தயம்?"

"ஒரு ருபார்ப் பை, பேக்கரியில சுடற இனிப்பு. முழுசா. ஒரு துண்டு இல்ல."

"சரி. படத்தைப் பார்த்துச் சொல்லு. என்ன தெரியுது?"

ஸ்டியரிங்கை முழங்காலால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெட்டிச் சிறிதாக்கிய படம். நடுவில் கறுப்புக் காது, அதில் மஞ்சள் வில்லை, 41. பின்னால் கறுப்பு முதுகு. மூலையில் ஒரு தாய்மாட்டின் முகம், வாயில் தொங்கும் வைக்கோல். சர்ச் விருந்தில் இரண்டாம் முறை தட்டை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தவரைப்போல் அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். கீழே ஒரு பட்டையாகப் பனி.

"கன்னு, மாடு, பனி," என்றேன்.

"பனி இவ்வளவு மஞ்சளாவா இருக்கும்?"

"நாய் போயிருந்தா இருக்கும்."

மார்வா சிரிக்கவில்லை. விரல் நகத்தைப் படத்தின் ஓரத்தில் வைத்தார். "இங்க பாரு. ஆரஞ்சு."

வைக்கோல் கட்டும் நைலான் கயிற்றின் நுனி. கறுப்புத் தோலின் விளிம்பில் ஒரு முடிச்சாக, பட்டாணி அளவுக்குத் தெரிந்தது.

"எங்க ஊர்ல வேலிக்கதவு, பம்பர், சிலரோட கால்சட்டை எல்லாமே அந்தக் கயித்துலதான் நிக்குது பாஸ்."

"இன்னொண்ணு. கோள் சொல்றவன் என்ன எழுதுவான்? இவ திருடி, பணம் குடுக்காதீங்கன்னு எழுதுவான். இவன் வந்து பாருங்கன்னு எழுதறான். விருந்துக்குக் கூப்பிடற மாதிரி."

"ஆர்லோ போகவேண்டாம்னு சொல்றாரு. கடுதாசி வான்னு சொல்லுது."

"அதான் போறோம்."

ஆர்லோவின் நிலத்தைக் கடந்தோம். மாவட்டமே கறுப்பு மாடு வைத்திருக்க, அவர் மட்டும் ஆறு வருடங்களுக்கு முன் பிரெஞ்சு இனத்துக்கு மாறினார். காளையிலிருந்து கன்றுவரை எல்லாம் வெண்ணெய் நிறம். முன்பெல்லாம் ஒரு மைல் தூரத்திலிருந்தே குன்றின்மேல் யாரோ கைக்குட்டைகளைச் சிதறவிட்டதுபோலத் தெரியும். இன்று கைக்குட்டைகள் குறைவாகத்தான் இருந்தன. புயல் அவரையும் விடவில்லை. எழுபத்தோரு கன்றுகளுக்கு விண்ணப்பித்துப் பணமும் வாங்கியிருந்தார் என்று ஊருக்கே தெரியும்.

*

ரோவீனா ஹவ்லிக் வேலியில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள். என் அக்காவோடு படித்தவள். பண்ணையைத் தனியாக நடத்துகிறாள். எங்களைப் பார்த்ததும் குறடைக் கீழே வைக்கவில்லை.

"சீக்கிரமே வந்துட்டீங்க," என்றாள்.

"யார் வருவாங்கன்னு எதிர்பார்த்தே?" என்று கேட்டார் மார்வா.

"யாராவது."

"செத்த கன்னுங்க எங்க?"

அவள் மேட்டைக் கை காட்டினாள். நாங்கள் இருவரும் ஏறினோம். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் என் நகைச்சுவை உணர்வு பாதியிலேயே நின்றுவிட்டது. பதினான்கு உடல்கள். சாட்சி சொன்ன எண்ணிக்கை சரி. ஆனால் அதில் ஒன்பதுக்கு உடம்பில் தோல் இல்லை. வில்லையோ காதோ எதுவும் இல்லை.

"போச்சு," என்றேன். "தோலை உரிச்சா நம்பர் போயிடும். யாரோட கன்னு, என்ன நம்பர், ஒண்ணும் நிரூபிக்க முடியாது. பாஸ், எனக்கு இவளைப் பிடிக்கும். ஆனா இது நல்லா இல்ல."

"ஓநாய் இப்படி உரிக்குமா?"

"தச்சு வச்ச மாதிரி உரிச்சிருக்கே. கத்திதான்."

"கழுத்துல ஆரம்பிச்சு, நாலு காலுக்கும் ஓட்டை விட்டு, காதோட சேர்த்து எடுத்திருக்கு. செருப்புத் தைக்க யாராவது காதையும் சேர்த்து எடுப்பாங்களா?"

பண்ணை நாட்டில் பிறந்தவனுக்கு அந்த இடத்திலேயே புரிந்திருக்கவேண்டும். வெட்கமாக இருந்தது.

கீழே இறங்கினோம். "நாப்பத்தொண்ணைக் காட்டு," என்றார் மார்வா.

ரோவீனா கொட்டகைச் சுவரின் ஆணியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து எங்கள் காலடியில் போட்டாள். காய்ந்து விறைத்த கறுப்புத் தோல். நான்கு ஓட்டைகள். வயிற்றுப் பக்கம் ஆரஞ்சுக் கயிறு. ஒரு பக்கம் தொங்கும் காதில் மஞ்சள் வில்லை, 41.

தோல் சட்டை. கன்று செத்த தாய், வேறு கன்றைப் பக்கத்தில் விடாது. முகர்ந்து பார்த்து உதைக்கும். அதனால் செத்ததன் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு கன்றுக்குச் சட்டையாகப் போட்டுக் கட்டிவிடுவார்கள். தன் வாசனைதான் என்று தாய் நம்பிப் பால் கொடுக்கும். நான்கைந்து நாளில் அதன் பாலே அந்தக் கன்றின் வாசனையாகிவிடும். பிறகு சட்டையை அவிழ்த்துவிடலாம்.

"செத்தது செத்ததுதான்," என்றேன். "அதோட சட்டைதான் நடந்துபோயிருக்கு! பாஸ், முடிஞ்சுது. வாங்க, ரெண்டு மணிக்குள்ள போயிடலாம்."

"பாதிதான் முடிஞ்சுது." மார்வா ரோவீனாவிடம் திரும்பினார். "சட்டை இங்க இருக்கு. போட்டவன் எங்க?"

ரோவீனா பின்கொட்டகையின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒன்பது கறுப்பு மாடுகள். ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு கன்று முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. இருட்டுக்குள் சின்னச் சின்ன விளக்குகள்போல் ஒன்பதும் வெண்ணெய் நிறம். உறைந்து உதிர்ந்த காது நுனிகள், யாருடைய வில்லையும் இல்லாத காதுகள். ஆனால் அந்த நிறத்துக்கு வில்லை தேவையில்லை.

படத்தின் அடியில் நான் பனி என்று சொன்ன அந்தப் பட்டை, ஒரு கன்றின் வயிறு.

"நாய் போகல டெனி," என்றார் மார்வா.

*

"புயல்ல வேலி சாஞ்சுது," என்றாள் ரோவீனா. "ஆர்லோ மாடுங்க காத்தோட நடந்து என் பள்ளத்துல வந்து விழுந்துதுங்க. தாய்ங்க செத்துப்போச்சு. இதுங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்து உயிரோட இருந்துதுங்க. என் மாடு பதினாலுக்குக் கன்னு போயிருந்துது. என்ன பண்ணுவேன்? ஒன்பது தோலை உரிச்சுக் கட்டினேன்."

"ஆர்லோகிட்ட சொன்னியா?"

"புயல்ல அறுந்த லைன் திரும்பி வந்த அன்னைக்கே போன் பண்ணினேன். உங்க கன்னு ஒன்பது என்கிட்ட இருக்கு, பத்திரமா இருக்குன்னேன். எத்தனைன்னு மறுபடி கேட்டாரு. அப்புறம், 'என் கன்னெல்லாம் செத்துப்போச்சு ரோவீனா, எழுதிக் குடுத்துட்டேன்'னாரு. 'உன்கிட்ட இருக்கறது என்னோடது இல்ல'ன்னு வச்சுட்டாரு."

"ஒன்பது உயிர் பிழைச்சா மத்ததையும் எண்ணிப் பார்க்கச் சொல்வாங்க," என்றார் மார்வா. "அந்தப் பயம்."

"அவருக்கு அவர் பயம். எனக்கு?" ரோவீனாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "நாளன்னைக்குச் சனிக்கிழமை எனக்குச் சூடு போடற நாள். நாப்பது பேர் உதவிக்கு வருவாங்க. எந்த மாட்டுகிட்ட கன்னு குடிக்குதோ அந்த மாட்டோட சூடுதான் அதுக்கும். அதுதானே வழக்கம்? ஊர் பூரா பார்க்க ஆர்லோ நிறத்துக் கன்னுக்கு என் சூடு போட்டா நான் மாட்டுத் திருடி. போடாம ஒளிச்சா அதுவும் திருடிதான். வாயைத் திறந்து சொன்னா, பதினோரு வருஷமா என் ரோட்டுல பனி தள்ளிவிட்ட மனுஷனைக் காட்டிக் குடுத்தவ. அவர் சாட்சிக் கையெழுத்து இல்லாம என் விண்ணப்பமும் போச்சு. நீங்களே சொல்லுங்க, எந்தப் பேரை எடுத்துக்கட்டும்?"

மார்வா கம்பியில் சாய்ந்து கன்றுகள் குடிப்பதைப் பார்த்தார்.

"அதுக்கு மேல இந்த மொட்டைக் கடுதாசி வேற," என்றேன். "கவலைப்படாதே ரோவீனா. எழுதினது ஆர்லோதான். உன்னைப் பொய்க்காரின்னு ஆக்கிட்டா, நாளைக்கு நீ கன்னைப் பத்திச் சொன்னா யார் நம்புவா? பாஸ், எனக்கு ருபார்ப் பை."

"டெனி," என்றார் மார்வா, "உன் போனை எடுத்துக்கிட்டு அந்த முதல் அடைப்புக்குள்ள போய், இதே மாதிரி ஒரு படம் எடு. காதும் தாயோட முகமும் தெரியணும்."

"அதுக்கென்ன," என்று கம்பியைத் தாண்டி உள்ளே குதித்தேன்.

இரண்டு அடி வைத்திருப்பேன். மாடு வைக்கோலைத் துப்பியது. தலையைத் தாழ்த்தியது. அறுநூறு கிலோ எடையுள்ள ஒன்று அவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் புத்தகத்தில் படித்தால் நம்பியிருக்கமாட்டேன். கம்பிக்கு மேல் நான் ஏறினேனா, பறந்தேனா என்று இன்றுவரை தெரியாது. தொப்பி உள்ளே விழுந்தது. அதை அது மிதித்தது, நிதானமாக, இரண்டு முறை.

"படம் வந்துதா?" என்றார் மார்வா.

"என் ஆவி மட்டும் வந்திருக்கும்!"

"ரோவீனா, இவன் தொப்பியை எடுத்துக் குடேன்."

ரோவீனா மார்வாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனாள். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. வைக்கோலை மறுபடி வாயில் எடுத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தது. அவள் கன்றின் முதுகைத் தாண்டிக் குனிந்து தொப்பியை எடுத்தாள். மாட்டின் மூக்கு அவள் தோளை உரசியது.

மார்வா புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்தார். அதே அடைப்பு, அதே மூலை. அதே நிம்மதி.

"புதுக் கன்னு சேர்த்த மாடு," என்றார். "ரெண்டரை வாரம் கழிச்சே இவனை இந்தப் பாடு படுத்துது. படத்துல கன்னு மேல சட்டை இருக்கு, அப்படின்னா கட்டின முதல் நாலஞ்சு நாள். அப்ப ரோடு திறக்கக்கூட இல்ல. ஆர்லோ உள்ள கால் வச்சிருந்தா படம் எடுத்திருக்க மாட்டாரு, எலும்பு எக்ஸ்ரேதான் எடுத்திருப்பாரு. இந்தப் படத்தை எடுத்த ஆளைப் பார்த்து மாடு வைக்கோலைக்கூடக் கீழ போடல."

நான் ரோவீனாவைப் பார்த்தேன். அவள் என் தொப்பியின் சாணத்தைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்பக் கவனமாகத் துடைத்தாள்.

"நீயா?" என்றேன். "உன்னை நீயே காட்டிக் குடுத்தியா?"

"என்னைத்தானே குடுத்தேன்," என்றாள் மெதுவாக. "வேற யாரையும் இல்லையே. அப்ப விளையாட்டா எடுத்த படம், சட்டை போட்ட கன்னு வேடிக்கையா இருந்துதுன்னு. அப்புறம்தான் தோணிச்சு. சட்டை முழுசாத் தெரிஞ்சா குழுவுல சிரிச்சுட்டுத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அதான் வெட்டினேன். சந்தேகம்னா உங்களைக் கூப்பிடுவாங்கன்னு தெரியும். நீங்க வந்தா சட்டைக்குள்ள பார்ப்பீங்கன்னும் தெரியும்."

"நான் வராம, ஆர்லோ கேட்ட மாதிரி ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா?"

அவள் தொப்பியை என்னிடம் நீட்டினாள். "அப்ப எல்லாம் போயிருக்கும். நேத்து ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சுட்டிருந்தேன்." பிறகு, "இப்ப என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டாள்.

மார்வா கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "நாப்பத்தொண்ணு உயிரோட இருக்கான்னு கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லப்போறேன். கடுதாசி யார் எழுதினாங்கன்னு என்னை யாரும் கேக்கல. டெனி, அந்தச் சின்னதைத் தூக்கி வண்டியில வை."

"தாய் இல்லாதப்ப தூக்கட்டுமா பாஸ்?"

*

இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நீதிமன்றக் கட்டடத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே பிக்கப்பை நிறுத்தினோம். மேலே குழுவின் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆர்லோ. அவருக்கு வலப்பக்கம் எட் ஸ்வொபோடா, எழுபது வயது, ஹியரிங் எய்டைத் தனக்கு வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்பவர். மேசைக்கு இந்தப்பக்கம், விண்ணப்பதாரர்களுக்கான இரண்டு நாற்காலிகளில் ஒன்றில், எங்களோடு வந்த ரோவீனா.

மார்வா தோலை மேசைமேல் போட்டார்.

எட் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "தோல் சட்டை! போட்டோவுல கயித்து முடிச்சுகூடத் தெரியுதே. ஆர்லோ, வயசு எனக்கா உனக்கா? இதைப் பார்க்கலையா நீ?"

"அவசரத்துல... நம்பரைத்தான் பார்த்தேன்." ஆர்லோவின் கழுத்து சிவந்தது. "சரி. நல்லதாப் போச்சு. ரோவீனா, மன்னிச்சுக்கோ. உன் பட்டியல் சரி, கையெழுத்து நிக்கும். அடுத்த விண்ணப்பத்துக்குப் போகலாம்."

"சட்டைதான் மேல வந்திருக்கு," என்றார் மார்வா. "போட்டவன் கீழ நிக்கிறான்."

ஆர்லோ நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்கள் மார்வாவிடம் போய், ரோவீனாவிடம் வந்து, அங்கேயே நின்றன. ரோவீனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழே கன்று கத்தியது. பசித்த கன்றின் கத்தல். கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். எட் எழுந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்குப் போனார். வெயிலில் வெண்ணெய் நிறமாக நின்ற அதை ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆர்லோ," என்றார், "உன் கன்னு கூப்பிடுது."

'என்னோடது இல்ல' என்று இன்னொரு முறை சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவர் உதடு அசைந்ததைக்கூட நான் பார்த்தேன். கன்று மறுபடி கத்தியது.

"சமையலறை ஜன்னல்ல நின்னு எண்ணினேன்," என்றார் ஆர்லோ யாரிடமும் இல்லாமல். "எங்க பார்த்தாலும் வெள்ளை. கன்னும் வெள்ளை, பனியும் வெள்ளை. கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதினேன். அப்புறம் பனி கரையக் கரைய ஒண்ணொண்ணா எழுந்து வந்துதுங்க. அதுக்குள்ள காகிதம் போயிடுச்சு. ஒண்ணைத் திருத்தினா எல்லாத்தையும் திருத்தணும். அதுக்குள்ள இவ போன் பண்ணினா."

அவர் எழுந்தார். மேசையைச் சுற்றி நடந்து வந்து, ரோவீனாவின் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில், விண்ணப்பதாரரின் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் ஃபைலை எடு எட்," என்றார். "முதல்ல இருந்து."

*

அவர் வெளியே வந்தபோது மணி நான்கு. நாங்கள் பிக்கப்பின் பின்கதவில் உட்கார்ந்திருந்தோம். ரோவீனா புட்டிப்பாலைக் கன்றின் வாயில் பிடித்திருந்தாள். ஆர்லோ பக்கத்தில் வந்து கையை நீட்டினார். கன்று பின்வாங்கி ரோவீனாவின் கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

"வாங்கின பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிட்டாங்க. வழக்கு வருமா வராதான்னு மேல முடிவு பண்ணுவாங்களாம்," என்றார். "குழுவுல இருந்தும் விலகிட்டேன்." தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை என் சூட்டுக்கோலையும் எடுத்துட்டு வரேன் ரோவீனா. எல்லார் முன்னாடியும் போட்டுடலாம். பால் மறக்கற வரைக்கும் உன் மாடுங்ககிட்டயே இருக்கட்டும். உன் வைக்கோலுக்கு நான் பொறுப்பு."

"ஏழு மணிக்கு ஆரம்பிக்கறோம்," என்றாள் ரோவீனா. "மத்தியானம் சாப்பாடு இருக்கு."

அவர் தலையாட்டினார். நாலடி போனவர் திரும்பி வந்தார். முகத்தில் அந்தப் பழைய ஆர்லோ கொஞ்சம் தெரிந்தது.

"மார்வா, ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கடுதாசி யார் எழுதினது?"

நான் இருமினேன். ரோவீனாவின் கையில் புட்டி அசையாமல் நின்றது. கன்று மட்டும் குடித்துக்கொண்டிருந்தது.

"தெரியல," என்றார் மார்வா. "அதுல கையெழுத்து இல்லையே."

ஆர்லோ அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கன்றைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். எதுவோ கேட்க வந்து, கேட்காமல் தன் வண்டிக்கு நடந்தார்.

இருபத்தேழு வருடம் சத்தியப் பிரமாணத்தின்மேல் வேலை பார்த்தவர் பொய் சொல்லி அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். இமைகூட அசையவில்லை.

"பாஸ், இவ்வளவு நல்லாப் பொய் சொல்வீங்கன்னு தெரியாது," என்றேன். "இதுவரைக்கும் என்கிட்ட எத்தனை சொல்லியிருக்கீங்க?"

"பேக்கரி அஞ்சு மணிக்கு மூடிடும்," என்றார் மார்வா. "வண்டியை எடு. நீ பந்தயத்துல தோத்த ருபார்ப் பை. முழுசா. ஒரு துண்டு இல்ல."